நாற்பது டன் அப்பா

"எங்கப்பாவைக் காட்டுங்க."

கறி வளர்க்கும் ஆலையில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அது யாருடைய சதை என்று மட்டும் கேட்கக் கூடாது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

மேலாளர் ஜெபராஜ் சிரித்தார். "காலேஜ் படிச்ச பிள்ளை இப்படிக் கேக்கலாமாம்மா? வேலைக்குச் சேரும்போது தொடையில ஒரு கிள்ளு சதை, வளர்த்துக்கங்கன்னு உங்கப்பா விருப்பப்பட்டுத்தானே குடுத்தாரு?"

"வாசிக்கத் தெரியாதவர்கிட்ட கைநாட்டு வாங்கிட்டு விருப்பம்னு சொல்லாதீங்க சார். அவரு நினைவு நாளுக்கு இலை போட்டு உங்க சுக்காவைத்தான் படைச்சோம். தெரியாம அவருக்கே அவரைப் படைச்சிருக்கோம்."

"நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதுதான் சார் கொடுமை. அம்மா ரெண்டாந்தரம் கேட்டுச் சாப்பிட்டுச்சு."

அவர் சிரிப்பு அடங்கியது. தொட்டி அறைக் கதவைத் திறந்தார்.

எங்கள் வீட்டையே உள்ளே வைத்துவிடலாம் போன்ற கண்ணாடித் தொட்டி. அதில் இளஞ்சிவப்பாய், ஒரு குன்று மாதிரி, அப்பா மெல்லத் துடித்துக்கொண்டிருந்தார். இதே ஆலையில் மூட்டை சுமந்து எலும்பாய்ப் போனவர், எங்களுக்கு வைத்துவிட்டு அரை வயிற்றோடு படுத்தவர், இத்தனை பெரிதாக வளர்ந்திருந்தார். சண்டை போடத்தான் போயிருந்தேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"எவ்வளவு இருப்பாரு?"

"நாப்பது டன். வெட்ட வெட்ட வளருவாரு, மூணு மாவட்டம் சாப்பிடுது. வாரிசு சொன்னா நிறுத்தணும்னு சட்டம் இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து சொன்னதில்லை."

"நிறுத்துங்க."

"நிறுத்திட்டு இவ்வளவையும் என்னம்மா செய்வே?"

"கொள்ளி வைப்பேன். போன தடவை பொட்டப்பிள்ளைன்னு என்னை விடலை."

அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போக லாரிகளுக்குச் சொல்ல வெளியே நடந்தேன்.