பல்லில் சாவி

புல் வெட்டும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, மழுங்கிய பிளேடைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தான் சவரிமுத்து. எவனாவது ஸ்டார்ட் செய்துவிடக் கூடாதே என்று வண்டிச் சாவியைப் பல்லில் கடித்திருந்தான். அப்போதுதான் கல்வித் தந்தை, தாளாளர் நாகலிங்கனார் போட்டோவுக்காக மாலையும் கழுத்துமாக வண்டிமேல் ஏறி உட்கார்ந்தார்.

"சாவி எங்கய்யா? வண்டி ஓடினாத்தான் போட்டோவுல உயிர் இருக்கும்."

"அடியில ஆள் இருக்கான், ஐயா" என்றார் மேனேஜர்.

"போட்டோவுல விழுவானா?"

"விழமாட்டான், ஐயா."

"அப்புறமென்ன? ஸ்பேர் சாவியக் கொண்டா."

அடியில் ஸ்பானர் சத்தம் கேட்டது. மாட்டிய பிளேடைத் திரும்பக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான் சவரிமுத்து. சாவி இன்னும் பல்லில்தான் இருந்தது. கூர் மின்னும் பிளேடோடு தாளாளர் பக்கத்தில் போய் நின்றான்.

போட்டோகிராபர் மட்டும், "ஐயா, கொஞ்சம் சிரிங்க" என்றான்.