ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்கள்

“அந்தம்மா இன்னிக்கும் வந்து குந்திக்கிச்சு பாருங்க!” சனாவுல்லா மண்வெட்டியைத் தொப்பென்று போட்டார்.

கோபால்சாமிக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. இயற்கை நண்பர்கள் குழு என்று ஐந்து பேர், ஞாயிறு தவறாமல் திருப்பத்தூரில் முதல் பஸ் பிடித்து ஜவ்வாது மலை ஏறி வருகிறார்கள். எண்பத்திரண்டில் மழை பொய்த்து வறண்டதிலிருந்து இந்த மலை ஊரின் ஓடைக் குளம் கவனிப்பாரற்றுத் தூர்ந்து கிடக்கிறது. ஐப்பசி மழைக்குள் தூர் வாரினால் ஊருக்குக் கோடை வரை தண்ணீர். இல்லையென்றால் பெண்கள் நாலு மைல் குடம் சுமக்க வேண்டியதுதான்.

அந்த ஊர்க்காரி பெரியம்மாள்தான் புளியமரத்தடியில் காலை நீட்டி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். ஐந்து வாரமாக இதே கூத்து.

“ஏம்மா, உங்க ஊருக்குத்தானே வெட்டறோம்? ஒரு கூடை தூக்கினா கை தேஞ்சா போயிடும்?” என்றார் கோபால்சாமி.

பெரியம்மாள் சிரித்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“சார்! இந்த வாரமும் மண்ணக் காணோம்!” சனாவுல்லா கரையிலிருந்து கத்தினார்.

வாரா வாரம் இவர்கள் வாரிக் கொட்டும் வண்டல், அடுத்த வாரம் இருப்பதில்லை. வண்டல் நல்ல எருவாயிற்றே! எவனோ நோகாமல் தன் நிலத்துக்கு அடித்துக்கொண்டிருக்கிறான்.

“யாரும்மா அள்ளிட்டுப் போறது?”

“நான்தாங்க.”

என்ன நெஞ்சழுத்தம்! “உன் நிலத்துக்கா?”

“எனக்கு ஏதுங்க நெலம்? அந்தாண்ட பள்ளத்துல கொட்டிக்கீறேன். போய்ப் பாருங்க.”

“எதுக்கு?”

“நீங்க கொட்டுறது ஓட வந்து வுழுற எடங்க. ஒரு மழ வந்தா அத்தினி மண்ணும் திரும்பக் கொளத்துக்கே வந்துடும்.”

கோபால்சாமி திரும்பிப் பார்த்தார். ஆமாம், ஓடை வாய்க்கு நேரேதான் வாரா வாரம் கொட்டி வந்திருக்கிறார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

“இத்த மொத வாரமே சொல்றதுக்கு இன்னாம்மா?” என்றார் சனாவுல்லா.

“சொல்ல வந்தேங்க. ‘எல்லாம் எங்களுக்குத் தெரியும், நீ தள்ளி நில்லு’ன்னு இந்த சார்தான் சொன்னாரு.”

கோபால்சாமிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தக் கடுப்பிலேயே கேட்டார்:

“சரி, அதுக்காக நாங்க வேலை செய்யறப்போ இப்படி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணுமா?”

“திங்கக்கெழமலேர்ந்து சனிக்கெழம வரைக்கும் நீங்க போட்டத அள்றேன் சார். இன்னிக்கு ஒரு நாள்தான் குந்தறேன்.”