ஈரத் தலை

வேலை முடிந்து விஜிதா தினமும் ஈரத் தலையோடுதான் தலைமன்னாரில் வந்திறங்கினாள்.

"எந்த வீட்டில குளிச்சிட்டு வாறாளோ!" என்றார்கள் அயலவர்கள். உலைவாயை மூடலாம்; ஊர்வாயை மூட முடியுமா?

பொறுக்கமாட்டாமல், அவள் கணவன் மரியநேசன் ஒருநாள் வேலைத்தலத்துக்கே போய்விட்டான். அங்கே புளித்த கள்ளை மெல்லிய சவ்வுகளின் வழியே செலுத்தி, படகு எந்திரங்களுக்கு எரிபொருளாகும் மதுசாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்புறக் கிணற்றடியில் விஜிதா தலைக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், வீட்டுக் கிணறு வத்திப்போச்சோ?"

"இல்லையப்பா. இந்தக் கள்ளு மணத்தோட வந்தா, குடியை விட்ட உங்களுக்குத் திரும்ப ஆசை வந்திடுமெண்ட பயம்தான்."

"குனி, நான் ஊத்திவிடுறன்" என்று வாளியை வாங்கியவன், அது காலியாகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டான்.