செம்பியின் ஏழு புள்ளிகள்

கண் ஆஸ்பத்திரி ஜன்னலில் செம்பி என்றொரு புள்ளிவண்டு வாழ்ந்தாள். டாக்டருக்காகக் காத்திருந்த பூச்சியியல் மாணவி ஒருத்தி அவள் முதுகைக் காட்டி, "இந்தப் புள்ளிக்கு மாக்குலான்னு பேர்" என்றாள். செம்பி பூரித்துப்போனாள்.

மறுநாள் டாக்டர் ஒரு நோயாளியிடம், "உங்க மாக்குலா கெட்டுப்போச்சு. பார்வை போயிடும்" என்றார். "ஐயோ, என் முதுகுல ஏழு மாக்குலா இருக்கே! என் பார்வையும் போயிடுமே!" என்று அலறினாள் செம்பி.

"அது கண்ணுக்குள்ள இருக்கிற வேற புள்ளிடி. உன் முதுகுப் புள்ளி, நீ கசப்புன்னு எங்களுக்குக் காட்டுற புள்ளி. அதனாலதான் நான் உன்னைத் தின்னல" என்றாள் சுவரில் இருந்த பல்லியக்கா.

பயந்தவள் காதில் எதுவும் ஏறவில்லை. புதிதாக அடித்த ஈரச் சுண்ணாம்பில் புரண்டு புரண்டு ஏழு புள்ளிகளையும் மறைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் பல்லி பசியோடு இறங்கி வந்தாள்.

"அக்கா, நான்தான் செம்பி!"

"செம்பிக்குப் புள்ளி இருக்குமே" என்றபடி பல்லி இன்னும் ஓரடி நெருங்கினாள்.