செவ்வாய்க்கிழமை மைலேஜ்

“நீ ஓட்டினா மட்டும் ஏன் இப்படி இறங்குது?”

காருக்குள் உட்கார்ந்தபடியே கத்தினார் சர்வேயர்.

மனைவி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னங்க இறங்குது?”

“மைலேஜ்! நேத்து வரைக்கும் லிட்டருக்கு இருபத்தாறு. இன்னிக்கு இருபத்து மூணு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இதே கதை!”

“கடைவீதிக்குத்தான் போயிட்டு வந்தேன்.”

“கடைவீதி என்ன மலை உச்சியிலயா இருக்கு?”

அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள்.

ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து பழகியவர் அவர். பெட்ரோலும் பேட்டரியுமாக மாறி மாறி ஓடும் ஹைபிரிட் காரை வாங்கியதிலிருந்து, சாலையைப் பார்த்ததைவிட அந்தச் சின்னத் திரையில் மைலேஜ் எண்ணைப் பார்த்ததுதான் அதிகம். கனம் கூடாது என்று டிக்கியில் இருந்த குடையை எடுத்தார். மனைவி முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணையையும் எடுத்தார். அவளை மட்டும் இறக்கிவிடவில்லை, பாவம்.

பனிக்காலம் வந்ததும் புது யோசனை வந்தது. முன்பக்கக் கம்பிச்சட்டத்தை அடைத்துவிட்டால் குளிர்காற்று உள்ளே போகாது. எஞ்சின் சீக்கிரம் சூடாகி, வேலையைப் பேட்டரியிடம் விட்டுவிட்டுச் சீக்கிரம் ஓய்வெடுக்கும். ஏ.சி. குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நுரையை நீளநீளமாக நறுக்கி, கம்பிகளுக்கு நடுவே செருகினார்.

“என்ன சார், வண்டிக்கு ஜலதோஷமா?” என்று கேட்டார் ஆபீஸ் வரைவாளர்.

“சிரிங்க, சிரிங்க. மைலேஜ் முப்பதைத் தொடட்டும், அப்புறம் பேசறேன்.”

முப்பதுக்காக அவர் என்னவெல்லாமோ செய்தார். இரண்டு மாதம் முன்பு, முழங்கால் ஆபரேஷன் ஆன அக்கா போன் செய்தாள்.

“தம்பி, வாராவாரம் செவ்வாய்க்கிழமை காலுக்குப் பயிற்சி கொடுக்கறாங்கடா. ஆஸ்பத்திரி மேட்டு மேல இருக்கு. ரெண்டு பஸ் மாறணும். அன்னிக்கு உன் வண்டி சும்மாதானே நிக்கும்?”

செவ்வாய்க்கிழமைகளில் அவர் ஆபீஸ் ஜீப்பில் அளவைக்குப் போய்விடுவார். கார் சும்மாதான் நிற்கும். ஆனால் அந்த மேடு? நாலு கிலோமீட்டர் ஏற்றம். ஒரு வாரம் சேர்த்த மைலேஜை ஒரே மூச்சில் குடித்துவிடும்.

“வண்டி சர்வீசுக்குப் போயிருக்குக்கா. எப்ப வரும்னே தெரியலை” என்றார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைச் சரிவை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும். கம்பிச்சட்டத்தில் மிச்சமிருந்த கீழ்வரிசையையும் நுரையால் அடைத்தார். ‘கீழ்வரிசையை அடைக்காதீர்கள், ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துவிடும்’ என்று இணையத்தில் எவனோ எழுதியிருந்தான். கடைவீதிக்குப் போகிற வழியில் ஏற்றம் ஏது?

அடுத்த செவ்வாய் காலை பதினொன்றுக்கு, கையில் அளவு நாடாவோடு வயல் நடுவே நின்றபோது போன் வந்தது.

“ஏங்க, சிவப்பு விளக்கு எரியுது. வண்டி நின்னுடுச்சு.”

“எங்க நிக்கறே?”



“ஆஸ்பத்திரி மேட்டுல. பாதி ஏத்தத்துல.”

“அங்க உனக்கு என்ன வேலை?”

“வந்து திட்டுங்க. சீக்கிரம் வாங்க. பன்னெண்டு மணிக்குள்ள மேல போகணும்.”

ஜீப்பில் வரும்போதே திட்டுவதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டார். காருக்குப் பக்கத்தில் குதித்து இறங்கியவர், பின் இருக்கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அந்தத் தலையணை.

“அவளைத் திட்டாதேடா” என்றாள் அக்கா. “நல்லாத்தான் ஓட்டினா. நீ சர்வீஸ்ல இருந்த வண்டியை அவசரப்படுத்தி வாங்கி எனக்காக அனுப்பினியே, அவங்க சரியாப் பார்த்திருக்க மாட்டாங்க. இல்லேன்னா ரெண்டு மாசத்துலயே இப்படி ஆகுமா?”

சர்வேயர் மனைவியைப் பார்த்தார். அவள் ரொம்ப அக்கறையாக எதிரே இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் காரின் முன்னால் மண்டியிட்டார். சூடேறி இளகியிருந்த நுரையை, விரல் சுடச்சுட ஒவ்வொரு துண்டாகப் பிடுங்கினார்.

“என்னடா அது, கறுப்பா?”

“குப்பைக்கா. அடைச்சுக்கிட்டிருந்தது.”

ஜீப்பின் உயரத்துக்கு அக்காவால் காலைத் தூக்கி வைக்க முடியாது; அதைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். எஞ்சின் ஆறிச் சிவப்பு விளக்கு அணைந்தபோது மணி பதினொன்று ஐம்பது. அவரே ஓட்டினார். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. திரையில் இருபத்து நாலு. இருபத்து மூணு. இருபத்திரண்டு.

“ஏங்க, இறங்குது” என்றாள் பக்கத்திலிருந்த மனைவி, மெதுவாக.

அவர் ஒரு நுரைத்துண்டை எடுத்து அந்த எண்ணின் மேல் வைத்து அமுக்கினார்.

“என்னடா இறங்குது?” என்றாள் அக்கா பின்னாலிருந்து.

“ஒண்ணுமில்லக்கா. நீ சாய்ஞ்சுக்கோ.”

அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

“பயிற்சிக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பேன். ஊருக்கு எப்படியோ, எனக்குன்னு வந்துட்டா என் தம்பி பெட்ரோலைப் பார்க்கவே மாட்டான்னு.”