உப்புத் தண்ணீர்ச் சட்டி

பனி இறங்கிய டயகம தேயிலைத் தோட்டத்து லய வீட்டில், கஸ்பர் ஒரு எவர்சில்வர் சட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். அடியெங்கும் கறுத்த புள்ளிகள். ஒன்றின் வழியே வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரிகிறது. தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் அதன் வழியேதான் ஒழுகி, அடுப்பு அணைந்து புகைகிறது. மனைவி டோரீன் இறந்த பிறகு அவர் இன்றுதான் அந்தச் சட்டியை எடுத்திருக்கிறார். கொழுந்து பறிக்கும் மலையில் நாளெல்லாம் நின்று வீங்கிய அவள் கால்களுக்கு, அதில்தான் தினமும் உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்தார். பக்கத்து வீட்டு நிரோஷன் புகையைக் கண்டு எட்டிப் பார்க்கிறான். "உப்புத் தண்ணி சூடேற ஏறத்தான் சில்வர அரிக்கும், மாமா. பச்சத் தண்ணியில கரைச்சிருந்தா இப்படி ஓட்ட விழுந்திருக்காதுங்க." கஸ்பர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பச்சத் தண்ணியில அவளால கால வைக்க முடியாதுப்பா."