கழுதை ஏன் நின்றது?

“படிக்கத் தெரியாத மனுஷனுக்கு எதுக்கு இந்த வேலை?”

மெர்வத் முணுமுணுத்தது அறை முழுக்கக் கேட்டது.

எகிப்தின் இஸ்மாயிலியா நகர நூலகத்தில் சனிக்கிழமை காலை குழந்தைகளுக்குக் கதை நேரம். பெற்றோரில் யாராவது ஒருவர் படக்கதை படித்துக் காட்டுவார். சில வாரங்களாகச் செருப்புக்கடை ஷவ்கிதான் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

இன்றும் வரிக்கு அடியில் விரலை வைத்துத் தடுமாறினார்.

“ஒட்டகம்... மாம்பழ வண்டியை... இழுத்தது.”

“ஒட்டகமில்ல மாமா, கழுதை!” பிள்ளைகள் கத்தினார்கள்.

ஷவ்கி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அட, ஆமா. கழுதைதான்.”

“எப்படிச் சமாளிக்கிறார் பாருங்க,” என்றாள் மெர்வத், நூலகர் சுஹைரிடம். “என் பொண்ணுக்கு நாலு வார்த்தை புரியட்டும்னுதானே இங்க கூட்டிட்டு வரேன்? இவர் இருக்கறதையும் குழப்பிடுவார் போலிருக்கே!”

அவள் கவலை அவளுக்கு. மகள் லமீஸ் வீட்டில் ஓயாமல் பேசுவாள். வாசலைத் தாண்டினால் வாயே திறக்க மாட்டாள். ‘படிப்பது புரியவில்லை, அடுத்த வருஷமும் இதே வகுப்பில் இருக்கட்டும்’ என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். இப்போதும் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

“போன வாரமே தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன்,” என்றார் சுஹைர் மெல்ல. “சாயங்காலம் பெரியவங்களுக்கு எழுத்து வகுப்பு நடக்குது, கூச்சப்படாம வாங்கன்னு. ‘யோசிக்கிறேன் டீச்சர்’னு சிரிச்சுட்டுப் போயிட்டார்.”

ஷவ்கி பக்கத்தைத் திருப்பினார். நடுத்தெருவில் கழுதை நிற்கிறது. வண்டிக்காரன் சாட்டையை ஓங்குகிறான்.

“கழுதை... தூங்கிவிட்டது.”

“தூங்கலை! நின்னுடுச்சு!” பிள்ளைகள் கத்த, லமீஸ் மடியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏன் நின்னுச்சாம்? சோம்பேறி! நாலு அடி போட்டா நடக்கும். இல்லையா பிள்ளைங்களா?” என்றார் ஷவ்கி.

“ஆமா, சோம்பேறி!” பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

“அடிக்கக் கூடாது!”

மெல்லிய குரல்தான். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

லமீஸ் எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

“அது சோம்பேறி இல்ல! படத்தை நல்லாப் பாருங்க மாமா. சக்கரத்துக்கு முன்னாடி பூனைக்குட்டி படுத்திருக்கு. வண்டி போனா அது நசுங்கிடும். அதான் கழுதை நிக்குது!”

விடுவிடுவென்று போய்ப் படத்தில் விரலை வைத்தாள்.

“இதோ, கழுதையோட கண்ணைப் பாருங்க. குட்டியைத்தான் பாக்குது. வண்டிக்காரருக்கு இது தெரியாது. தெரிஞ்சா சாட்டையைக் கீழ போட்டுடுவார்.”

ஷவ்கி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சாட்டை கீழே கிடந்தது. பூனைக்குட்டி வண்டிக்காரன் கையில் இருந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். லமீஸ் அங்கேயே, அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இவளுக்கா புரியலைன்னாங்க?” சுஹைர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நானே வந்து உங்க பள்ளிக்கூடத்தில பேசறேன் மெர்வத்.”

கதை முடிந்ததும் மெர்வத் தயங்கித் தயங்கி ஷவ்கியிடம் போனாள்.

“உங்க பொண்ணு கெட்டிக்காரி மேடம்,” என்றார் அவர். “எனக்கே அந்தக் குட்டி கண்ணுல படலை.”

“பாபா பொய் சொல்றார் ஆன்ட்டி!” அவர் மகள் நூரான் இடையில் புகுந்தாள். “வீட்டில எனக்கு ஒரு எழுத்துகூடத் தப்பில்லாமப் படிப்பார். தப்பாப் படிச்சாத்தான் லமீஸ் தலையைத் தூக்கிப் பாக்கறா, அதான் அவ வர்ற அன்னிக்கு மட்டும் இப்படி!”